சோகம் இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது?

போன வாரம் நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்திருக்கும் வங்காளிப் பெண் பேசினாள். கெட்டிக்காரப் பெண். எனக்குக் கிடைக்காத தனி அறை, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் அவளுக்கு உண்டு. உடம்பு எப்படி, முழங்கால் வலி எப்படி என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரி விண்ணப்பத்துக்குத் தயார் செய்கிறாளாம். தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமல்லவா, அதில் பாதிப் பேர் தேறிவிட்டார்களாம். "மீதிப் பேர் வாழ்க்கையில் சோகம் என்று எதுவுமே இல்லை, மிஸ். அந்த மாதிரிப் பிள்ளைகளை நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பேச்சு வராமல் நிற்கிற ஆள் இல்லை என்பது கல்கத்தாவில் எங்கள் லேக் கார்டன்ஸ் காய்கறிக்காரர்களுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கோ அப்புறம் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பெண் பதில் கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பதிலைப் பார்த்த அதிர்ச்சி இன்னும் எனக்கு அடங்கவில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. திருச்சியிலிருந்து மாற்றலாகிக் கல்கத்தா வந்தவர், அடுத்த மாற்றல் வருவதற்குள் ஓய்வே வந்துவிட்டது. நான் பவானிபூரில் பி.காம். படித்தேன். பிறகு பி.எட்., கொஞ்ச நாள் தற்காலிக வேலை, அதன்பின் இந்தப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. பற்று எது, வரவு எது என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டியது. பிள்ளைகள் எனக்குப் 'பட்டாசு மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

அந்தக் காலத்தில் மேல்படிப்பு என்றால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் கிடையாது. தேர்வு முடிவு வரும். மதிப்பெண் பட்டியலை நகல் எடுத்து, கெஜட்டட் அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி, கல்லூரிக் கல்லூரியாக வரிசையில் நிற்பார்கள். வாசலில் கட்-ஆஃப் ஒட்டுவார்கள். இடம் கிடைத்தவன் ரசகுல்லா வாங்கிக்கொண்டு வருவான். கிடைக்காதவன் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பான். அவன் யார், வீட்டில் யார் இருக்கிறார்கள், எதற்காக அழுதான் என்றெல்லாம் எந்தக் கல்லூரியும் கேட்டதில்லை.

பிறகு புது முறை வந்தது. மதிப்பெண் மட்டும் போதாது, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைக் கல்லூரிக்கும் வேலைக்கும் தயார் செய்ய வேண்டும் என்றார்கள். கணினியில் திறன் சோதனை. பதினோராம் வகுப்பில் ஒரு வாரம் நிஜமான வேலையிடத்தில் போய் உட்கார வேண்டும். மாதிரி நேர்காணல். கடைசியாக, தன்னைப் பற்றிய கட்டுரை. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றபோது பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தன. இந்த வயதில் எனக்கு எதற்கு இது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். வேலையிட வாரம் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து ஆடிட்டராக வளர்க்கப்பட்ட ஒரு பையனை ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, இந்த ஜன்மத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றான். அவனுடைய அப்பா பள்ளிக்கு வந்து என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். நானும் சும்மா விடவில்லை. இப்போது அந்தப் பையன் பேக்கரி வைத்திருக்கிறான், அப்பாதான் கல்லாவில் உட்காருகிறார்.

பிரின்சிபாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிஸஸ் லாஹிரி. வெளுத்த பருத்திப் புடவை, கையில் எப்போதும் ஒரு பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பள்ளியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பரிந்துரைக் கடிதத்தையும் ஜன்னலருகே நின்றுகொண்டு படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே பென்சில் நகரும். எங்காவது நின்றால், "ஏட்டா ஆப்னி கீ கொரே ஜான்லேன்?" என்பார். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வங்காளத்தில் அர்த்தம். ஒரு பையனைக் கடும் உழைப்பாளி என்று எழுதியிருந்தேன். எப்படித் தெரியும் என்றார். ஐந்தொகையில் இரண்டு பக்கமும் ஒட்டவில்லை என்று அழித்து அழித்துத் திரும்பப் போட்டான் என்றேன். "அப்படியானால் அதை எழுதுங்கள்" என்று உழைப்பாளி என்ற வார்த்தையை அடித்துவிட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். ஆனால் அவர் அடித்த இடத்தில் பழைய வார்த்தையைத் திரும்ப எழுத எனக்கு ஒருநாளும் துணிச்சல் வந்ததில்லை.

கட்டுரை எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க எங்களையெல்லாம் ஒரு ஹோட்டலுக்கு அழைத்தார்கள். குளிரூட்டிய அறை, பஃபே சாப்பாடு. பயிற்சி கொடுக்க வந்தவன் என் மாணவர்களின் வயதில் இருந்தான், கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. "மதிப்பெண் எல்லாரிடமும் இருக்கிறது. கதை யாரிடம் இருக்கிறது? கல்லூரிக்கு வேண்டியது கதை. பிள்ளை எங்கே விழுந்தான், எப்படி எழுந்தான்?" என்றான். ஒரு மாதிரிக் கட்டுரையைப் படித்துக் காட்டினான். வெள்ளத்தில் வீட்டை இழந்த பிள்ளையின் கட்டுரை. அறையில் இருந்த ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். வகுப்புக்குத் திரும்பி, அவன் சொன்னதை அப்படியே பிள்ளைகளிடம் ஒப்பித்தேன்.

அந்த வகுப்பில் காவ்யா இருந்தாள். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற தமிழ்ப் பெண். பதினோராம் வகுப்பில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாதான் வருவாள், என்னிடம் தமிழில்தான் பேசுவாள். அப்பாவுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை என்று மட்டும் தெரியும், பார்த்ததில்லை. காவ்யா ஒரு தனியார் கல்லூரியில் சேரத் துடித்தாள். அங்கே கட்டணத்தைக் கேட்டால் மாதச் சம்பளக்காரர் வீட்டில் யாரும் மேற்கொண்டு பேச மாட்டார்கள். முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும்தான் அவளுக்கு அந்த வாசல். அதற்கு அவளுடைய கட்டுரையும், பள்ளியிலிருந்து என் கடிதமும், பிரின்சிபால் கையெழுத்தும் போக வேண்டும்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த ஒரு வாரத்தில் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியிலேயே, பூஜை விடுமுறையில் அவளுடைய அப்பா இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள்.

அழுது புலம்பி எழுதவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது என்று எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரி, மாநகராட்சி, வங்கி, அப்பாவின் அலுவலகம் என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அம்மாவின் முன்னால் நின்று, "ஆமார் பாபா மாரா கேச்சேன்", என் அப்பா இறந்துவிட்டார் என்று அவள்தான் வங்காளத்தில் சொன்னாளாம். சொல்லச் சொல்ல அது பாடப்புத்தக வாக்கியம் மாதிரி ஆகிவிட்டதாம். கண்ணில் தண்ணீரே வரவில்லையாம். கடைசியாக ஒரு கவுன்ட்டரில் இருந்த அதிகாரி தமிழர். "தமிழ்லயே சொல்லும்மா" என்றாராம். தமிழில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அப்பா செத்துப்போனது அவளுக்குத் தெரிந்ததாம். அங்கேயே அழுதாளாம்.

நான் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் விசும்பி விசும்பி அழுதேன். இந்த ஊரில் வளர்ந்த தமிழ்ப் பெண் நான். என் அம்மாவுக்காக எத்தனை கவுன்ட்டரில் நின்றிருப்பேன்! பிள்ளை ஒரு வாரமாக முகம் வாடி இருந்தது நினைவுக்கு வந்தது, அல்லது வந்ததாக நினைத்துக்கொண்டேன். அன்றே கடிதம் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஆங்கிலம் எழுதியதில்லை. தந்தையை இழந்த துயரத்திலும் ஒரு நாள்கூடப் பாடத்தை விடாதவள் என்று முடித்திருந்தேன்.

மிஸஸ் லாஹிரி ஜன்னலருகே நின்று படித்தார். பென்சில் நகர்ந்தது. கடைசி வாக்கியத்தில் நின்றது.

"ஏட்டா ஆப்னி கீ கொரே ஜான்லேன்?"

"அவளே எழுதியிருக்கிறாள்" என்றேன். எனக்குக் கோபம். செத்த வீட்டில் போய்ச் சாட்சி கேட்பார்களா?

அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "நம் பிள்ளையின் தகப்பனார் போய்விட்டார். நாம் துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை" என்றார். முகம் நிஜமாகவே வாடிப் போயிருந்தது. "அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் அவர்கள் மொழிக்காரர். எப்போது வரலாம் என்று கேளுங்கள். பழமும் பூவும் வாங்கிக்கொண்டு நாம் இருவரும் போவோம். இந்தக் கடிதத்தில் நான் நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்."

வீட்டு எண்ணை எடுத்து அவர் அறையிலிருந்தே அழைத்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"காவ்யா வீடுதானே? நான் ஸ்கூல்லேர்ந்து பத்மா மிஸ் பேசறேன். அவ அம்மா இருக்காங்களா?"

"காய் வாங்கப் போயிருக்கா மேடம். என்ட்ட சொல்லுங்க."

பேச்சில் திருநெல்வேலி. சித்தப்பாவோ மாமாவோ துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா? இந்த நேரத்துல நீங்க கூட இருக்கறது பெரிய ஆறுதல். எங்களுக்கு விஷயமே தெரியாது. இப்பதான் தெரிஞ்சுது, மனசே சரியில்ல."

"என்ன விஷயம் மேடம்? யாருக்கு என்ன?"

"காவ்யா அப்பா தவறிட்டார்னு…"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"மேடம், நான்தான் காவ்யா அப்பா பேசுதேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. லேசா ஜலதோசம், லீவு போட்டுருக்கேன். அவ்வளவுதான்."

கொஞ்சம் பள்ளிக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டு ரிசீவரை வைத்தேன். மிஸஸ் லாஹிரி என்னைப் பார்த்தார். அவரிடம் அதை எந்த மொழியில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "போனை எடுத்தவர்தான்… அவர்தான் அந்த அப்பா" என்று உளறினேன். மிஸஸ் லாஹிரி பென்சிலை மேஜைமேல் வைத்தார். அவர் கையில் பென்சில் இல்லாமல் நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மத்தியானமே காவ்யாவின் அப்பா வந்துவிட்டார். சுடலைமுத்து என்று பெயர். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், கையில் ரெக்ஸின் பை. அவருடைய வேலை என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ரயில்வே அலுவலகத்தில் செட்டில்மென்ட் பிரிவு. பணியில் இறந்துபோனவர்களின் குடும்பத்துக்குப் பென்ஷன், பணிக்கொடை எல்லாம் தீர்த்து வைக்கிற மேஜை. காவ்யாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டோம். அப்பாவைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

நான் சும்மா இருப்பேனா? "ஏண்டி, உயிரோட இருக்கிற மனுஷனைப் பத்தி இப்படி எழுத உனக்கு எப்படிடி கை வந்தது?" என்று கத்தினேன்.

"எனக்கு எதுவுமே நடக்கல மிஸ்!" என்று அவளும் கத்தினாள். "நீங்கதானே கதை வேணும்னு சொன்னீங்க? எங்க விழுந்தே, எப்படி எந்திரிச்சேன்னு கேட்டீங்க. நான் எங்கயுமே விழலையே! அப்பா ஆபீஸ் போவாங்க, வருவாங்க, காபி குடிப்பாங்க, நியூஸ் பாப்பாங்க. அம்மா கரியாஹாட் மார்க்கெட்ல பேரம் பேசுவாங்க. இதை எழுதினா யாரு மிஸ் ஸ்காலர்ஷிப் தருவா?"

நன்றாக இருக்கிற வீடு ஒரு குறையாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது! ஹோட்டல் பஃபேயில் சாப்பிட்டது அப்போதுதான் நெஞ்சைக் கரித்தது.

மிஸஸ் லாஹிரி சொன்னார், "அவரைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது? அவர் படிக்கட்டும்." கட்டுரையை அவர் கையில் கொடுத்தோம். சுடலைமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலுவலகக் கோப்பைப் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் தலையை நிமிர்த்தினார். கோபப்படுவார், மகளை அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றேன்.

"டெத் சர்ட்டிபிகேட் கேக்கலையா மேடம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இல்ல, இணைப்பு ஒண்ணும் வைக்காம எப்படி ஏத்துக்கிடுதாங்க? எங்க ஆபீஸ்ல ஒரிஜினல் இல்லாம ஃபைல் நகராது."

"கட்டுரைக்கு அதெல்லாம் கேக்க மாட்டாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "இப்படி எழுதினா சீட்டு கிடைக்குமா?"

"கிடைக்கலாம். ஆனா…"

"அப்பம் இருந்துட்டுப் போட்டும் மேடம். பேப்பர்ல நான் செத்தா என்ன கொறஞ்சு போச்சு? அந்தப் பீஸை என்னால கட்ட முடியாது. நான் உயிரோட இருந்து அவளுக்கு அதைச் செய்ய முடியலைல்லா. நேர்ல வந்து பாப்பாங்கன்னா சொல்லுங்க, அன்னைக்கு நான் வெளிய போயிருவேன்."

காவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸஸ் லாஹிரிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இந்த மனிதர் தன்னைச் செத்தவராகவே வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று அவரிடம் வங்காளத்தில் சொல்ல எனக்கு நாக்கே எழவில்லை. எத்தனையோ பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு இடம் கிடைக்கக் கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு. இப்படி ஒருவர் கேட்பார் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

நான் திக்கித் திணறி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது சுடலைமுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். விரல் வரி வரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. திரும்ப மேலே போய் மறுபடியும் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாரு?" என்றார் மகளிடம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கம்மாவுக்குப் பாஷை தெரியாதா? மீன்காரன்ட்டயே வங்காளத்துல சண்டை போடுவாளே. இது யாரு எழுதினது?"

"நீங்க சொன்னதுதான்ப்பா" என்றாள் காவ்யா. "அன்னைக்குச் சாப்பிடும்போது சொன்னீங்கள்ல."

சுடலைமுத்து என் பக்கம் திரும்பினார். அவருடைய முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. தான் செத்துப்போனதைப் படித்தபோது மாறாத முகம் இப்போது இருண்டுவிட்டது.

"மேடம், இதுல தமிழ்ல சொல்லும்மான்னு சொல்லுதாருல்லா ஒரு ஆபீசரு? அது நான்தான்."

எந்தக் கட்டுரையில் அவர் பிணமாகக் கிடந்தாரோ, அதே கட்டுரையில் கவுன்ட்டருக்குப் பின்னால் உயிரோடு உட்கார்ந்திருந்தார்.

"ரயில்வே வொர்க் ஷாப்ல வேலை பாத்து செத்துப்போன ஒருத்தரோட பிள்ள அது. அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு என் மேஜைக்கு முன்னால வந்து நின்னுச்சு. நான் தமிழன்னு தெரியாம வங்காளத்துல ஒப்பிச்சுச்சு. தமிழ்லயே சொல்லும்மான்னேன். அவ்வளவுதான், பொட்டுனு உடைஞ்சுபோச்சு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. அதைத்தான் வீட்ல சொன்னேன்." மகளைப் பார்த்தார். "என்னையச் செத்தவன்னு எழுதினே, போட்டும். நான் உன் அப்பன், எடுத்துக்கோ. அந்தப் பிள்ள உனக்கு என்னட்டி பண்ணுச்சு? அதுவும் இந்த வருசம் பன்னெண்டாவதுதான் படிக்குது. நாளைக்கு அது எழுத உக்காந்தா, அதுக்கு என்னட்டி மிச்சம் இருக்கும்?"

காவ்யா அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். அவர் ரெக்ஸின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார், ஆனால் கட்டுரையைத் திருப்பித் தரவில்லை. நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் மிஸஸ் லாஹிரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கடிதத்தை எடுத்து, என்னிடம் நீட்டினார். அங்கேயே கிழித்துப் போட்டேன்.

காவ்யா வேறு கட்டுரை எழுதினாள். அப்பாவைப் பற்றித்தான். எதற்கெடுத்தாலும் இணைப்பு எங்கே என்று கேட்கிற அப்பா. படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். உதவித்தொகை கிடைக்கவில்லை. பவானிபூரில் சாதாரணமாக மதிப்பெண் பார்த்துச் சேர்த்துக்கொள்கிற கல்லூரியில் சேர்ந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள், அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். காவ்யாவுக்கு உதவித்தொகை இல்லை என்று பதில் வந்த அந்தக் குளிர்காலத்திலேயே சுடலைமுத்து மறுபடி பள்ளிக்கு வந்தார். கூடவே ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒரு பெண். சங்கரி என்று பெயர். கவுன்ட்டரில் அழுத பெண் இவள்தான் என்று பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

அவளுடைய அப்பாவின் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. பணியில் இறந்தவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. பதினெட்டு வயதானதும் அந்த வேலையில் சேர்ந்துவிடச் சொல்கிறாள் அம்மா. சங்கரிக்குப் படிக்க ஆசை. அவள் படிக்கும் பள்ளியில் திறன் சோதனையும் கிடையாது, ஆலோசகரும் கிடையாது. இப்படி உதவித்தொகை தரும் கல்லூரிகள் இருப்பதையே சுடலைமுத்து சொல்லித்தான் கேள்விப்பட்டாளாம். "நம்ம காவ்யாவுக்கு விட்டுப்போன இடம் மேடம். இந்தப் பிள்ள முயற்சி பண்ணட்டுமே" என்றார் அவர். காவ்யா எழுதியதைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை என்று கண்ணாலேயே எனக்குச் சொன்னார்.

நம் பள்ளி மாணவி இல்லையே என்று மிஸஸ் லாஹிரி சொல்லுவாரோ என்று பயந்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கட்டுரை என்றால் என்ன, எதற்காகக் கேட்கிறார்கள், உதவித்தொகைக்கு அது எவ்வளவு முக்கியம் என்றெல்லாம் விளக்கினேன். அவள் கூர்ந்து கேட்டாள். நான் முடித்ததும் முகம் மலர்ந்தது.

"ஃபுட்பால் பத்தி எழுதறேன் மிஸ். எங்க பாடா டீம்ல, அதான் எங்க தெரு டீம்ல, நான்தான் கோல் கீப்பர். பெனால்ட்டி அடிக்கறவங்க எந்தப் பக்கம் அடிப்பாங்கன்னு அவங்க தோளைப் பாத்தே சொல்லுவேன்."

நானும் சுடலைமுத்துவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்காகவே அந்தக் கதையைப் பத்திரமாக மீட்டு வைத்திருந்தோம், அவளோ பந்தைப் பற்றிப் பேசுகிறாள். ஒருவேளை கூச்சப்படுகிறாளோ என்று நினைத்து, என்னால் முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னேன். "எழுதலாம்மா. ஆனா அப்பா போனப்புறம் அம்மாவுக்காக நீ அங்கங்க அலைஞ்சே பாரு, பேசினே பாரு, அதை எழுதினா அவங்க மனசு இளகும். சீட்டு நிச்சயமா கிடைக்கும்."

சங்கரி என்னைப் பார்த்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டுவிட்டதுபோல நெற்றியைச் சுருக்கினாள்.

"பென்ஷனுக்கு அப்பா செத்துட்டாங்கன்னு சொன்னேன் மிஸ். வேலைக்கும் அதையேதான் சொல்லச் சொல்றாங்க. காலேஜுக்குமா?"